பதினான்காம் மாடிச் சேவல்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, பள்ளி ஆண்டு முடியச் சில வாரங்களே இருந்த நேரம். பினாங்கு, ஜோர்ஜ் டவுனில் ஓர் இடைநிலைப்பள்ளியில் நான் தமிழாசிரியை. ஒரு சேவல் வாயைத் திறக்குமா திறக்காதா என்பதில் என் வகுப்பின் தலையெழுத்தே தொங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? என் கணவர் இன்னும் நம்பவில்லை. ஆனால் நடந்தது.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே இடைநிலைப்பள்ளியில் மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாகத்தான் படிப்பார்கள். எங்கள் பள்ளியில் மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு, மதிய வெயிலில், காலியான கட்டடத்தில் தமிழ் வகுப்பு நடக்கும். மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, முடியும்போது, அடுத்த ஆண்டிலிருந்து தேர்வுக்குத் தமிழையும் ஒரு பாடமாக எடுக்கப்போகிறோமா இல்லையா என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். போதுமான பேர் கை தூக்கினால் வகுப்பு தொடரும். இல்லையென்றால் அதோடு சரி. அந்த ஆண்டு என் பிள்ளைகளில் பாதிப் பேர், "தமிழ் கஷ்டம்லா டீச்சர், ஏ கிடைக்காது" என்று நழுவிக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியை நல்ல மனுஷி. ஆனாலும், ஆள் சேராவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், பிள்ளைகளை இழுத்துப் பிடிக்க ஒரு வழி செய்தேன். வகுப்புக்கென்று ஒரு வலைப்பூ தொடங்கினேன். "உங்க எழுத்தை உலகமே படிக்கும்!" என்று மேசையைத் தட்டிச் சொன்னேன். தலைப்புகளையும் நானே கொடுத்தேன். 'நேரம் பொன்னானது', 'நான் ஒரு குடை', 'ஒற்றுமையே பலம்'. நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. அப்போது எனக்கு இதைவிட நல்ல தலைப்புகள் உலகத்தில் இல்லை என்றுதான் தோன்றியது.

உலகம் படிக்கவில்லை. நான் படித்தேன், என் கணவர் படித்தார். அவரும் நான் பக்கத்தில் உட்கார்ந்து கண்காணித்ததால் படித்தார். இரண்டு கட்டுரை முடித்துவிட்டு, "ஏன் எல்லாருக்கும் காலையிலேயே சேவல் கூவுது?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. தலைப்பு எதுவாக இருந்தாலும் முதல் வரி ஒன்றுதான். 'சேவல் கூவியது. கதிரவன் தன் செங்கதிர்களைப் பரப்பினான்.' குடையின் தன்கதையிலும் சேவல். ஒற்றுமைக் கட்டுரையிலும் சேவல். தொடக்கப்பள்ளியில் மனப்பாடம் செய்த தொடக்கத்தை இங்கேயும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். இத்தனை சேவல் நிஜமாகவே இருந்திருந்தால் ஜோர்ஜ் டவுனில் ஒருவரும் தூங்க முடியாது.

அடுத்த வகுப்பில் பிடித்துக்கொண்டேன். "யார் வீட்டுலடா சேவல் இருக்கு? எல்லாரும் இருக்கிறது ப்ளாட்டு, கடைவீடு. சேவல் எங்கிருந்துடா வந்துச்சு?"

கடைசி வரிசையில் ஒரு பையன் இருந்தான். லிட்டில் இந்தியாவில் அவன் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. வாய் மட்டும் பாட்டரி தீராமல் ஓடும். எந்தக் குரலையும் அப்படியே செய்து காட்டுவான். கேண்டீன் அக்கா, பஸ் பிரேக், நான், எதையும் விடமாட்டான். அவன் எழுந்து, "டீச்சர், சேவல் கூவுனாத்தான்லா மார்க்கு. சின்ன ஸ்கூல்ல அப்படித்தான் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு, கழுத்தை நீட்டி ஒரு கூவல் கூவினான் பாருங்கள். பள்ளிக் காவலர் கீழே தோட்டத்தில் தேடியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். வகுப்பே மேசையில் விழுந்து சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கியபோது இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு குரல். "டீச்சர், எங்க வீட்டுல நெசமாவே சேவல் கூவும்."

அதிகம் பேசாத பெண் அவள். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் இருக்கிற இடமே தெரியாது.

"எங்கேம்மா இருக்கீங்க நீங்க?"

"ப்ளாட்டுலதான் டீச்சர். பதினாலாவது மாடி."

அவ்வளவுதான், கூரை பறந்தது. "பதினாலாவது மாடிக்குச் சேவல் லிஃப்ட்ல வருமா?" என்று ஒருத்தன். "மாடி நம்பரை மூக்கால அமுக்குமா?" என்று இன்னொருத்தி. அந்தப் பையனோ மறுபடியும் கூவினான். நான் அதட்டி உட்காரவைக்கப் போனேன். அதற்குள் அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"வந்து பாருங்கலா. கூவலைன்னா நான் பொய் சொன்னேன்னு ப்ளாக்குலயே எழுதுறேன். கூவுச்சுன்னா, நீங்க எல்லாரும் அடுத்த வருஷம் தமிழ் எடுக்கணும். தைரியம் இருக்கா?"

வகுப்பு கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தது. பிறகு அந்தப் பையன், "ஓகேலா! யாருக்குப் பயம்?" என்றான். எல்லாரும் மேசையைத் தட்டி, "ஓகே! ஓகே!" என்று கத்தினார்கள்.

ஓர் ஆசிரியையாக நான் அந்த இடத்தில் என்ன செய்திருக்க வேண்டும்? பந்தயம் கட்டுவது தப்பு என்று அரை மணி நேரம் நன்னெறி பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்திருக்கிறது, அதைப் போய் யாராவது அதட்டுவார்களா? "பெற்றோர் சம்மதம் சொன்னா போகலாம். ஆனா, போய்ட்டு வந்து எல்லாரும் அந்த விடியலைப் பத்தித்தான் ப்ளாக்குல எழுதணும்" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெண் மெல்ல வந்து, "எந்த ப்ளாட்டுன்னு எழுத வேணாம் டீச்சர். சேவல் வச்சிருக்கிற பக்கத்து வீட்டுச் சீன அங்கிளுக்குப் பிரச்சினை வரும்" என்றாள். அடுக்குமாடியில் கோழி வளர்க்க அனுமதி இல்லை. அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். அதனால் இங்கேயும் சொல்லமாட்டேன்.

அன்று மாலையே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் சம்மதம் கேட்டேன். "சேவல் பார்க்கவா?" என்று மூன்று அம்மாக்கள் ஒரே நேரத்தில் கேட்டார்கள். ஆனாலும் எல்லாரும் சரி என்றார்கள்.

சனிக்கிழமை விடியுமுன்பே அந்த ப்ளாட்டின் கீழே போய் நின்றுவிட்டேன். முதல் நாள் வேலைக்குக்கூட அவ்வளவு சீக்கிரம் போனதில்லை. பிள்ளைகள் அப்பாக்களின் கெரெத்தாவில், அதாவது காரில், வந்து இறங்கினார்கள், பாதித் தூக்கத்தில், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. சூலியா தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஒரு பாயின் மகளும் என் வகுப்பில் இருந்தாள். அவள் கை கொள்ளாமல் ரொட்டி சானாய்ப் பொட்டலங்களோடு வந்தாள். "வாப்பா கொடுத்து விட்டாங்க. சேவல் கூவுனாலும் கூவலைன்னாலும் பசிக்கும்னாங்க" என்றாள். எவ்வளவு பெரிய உண்மை!

லிஃப்டில் தவணை தவணையாக ஏறினோம். பதினான்காம் மாடி நடைபாதையில் போய் நின்றால் கடல் தெரிகிறது. கடலுக்கு அப்பால் பட்டர்வொர்த் விளக்குகள். நடைபாதைக் கோடியில், ஒரு பழைய, பூப்போட்ட பாத்திக் கைலியால் மூடிய பெட்டி. பக்கத்தில் பனியனும் கால்சட்டையுமாக அந்த அங்கிள், கல்யாண வீட்டுக்காரர் மாதிரி எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். அவர் மலாயில் சொன்ன கதை இது. பாசார் மாலாமில், அதாவது ராச்சந்தையில், சாயம் தோய்த்த கோழிக்குஞ்சு விற்பார்களே, அப்படி ஒரு பச்சைக் குஞ்சைப் பேரன் அடம்பிடித்து வாங்கியிருக்கிறான். பேரன் கோலாலம்பூருக்குப் போய்விட்டான், பச்சை வெளுத்துவிட்டது, குஞ்சு சேவலாகிவிட்டது. வெட்ட மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

கைலியை விலக்கினார். உள்ளே சேவல் இருந்தது! வகுப்பே "ஓ!" என்றது. செந்தூரக் கழுத்து, கறுப்பு வால், நம்மை ஒரு பொருட்டாகவே மதிக்காத பார்வை. நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் அந்தப் பையனைப் பார்த்தாள். அவன் அசரவில்லை. "இருந்தாப் பத்தாதுலா. கூவணும்."

காத்திருந்தோம். எல்லாக் கைபேசிகளும் பெட்டியை நோக்கி நீண்டிருந்தன, விளக்கெரிய. சேவல் ஒவ்வொரு விளக்காக உற்றுப் பார்த்தது. பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. பாங்கு முடிந்தது. சேவல் ஒரு காலைத் தூக்கிச் சொறிந்துகொண்டது. அங்கிள் தலையைச் சொறிந்தார். நேற்றுக்கூட ஊரையே எழுப்பியதாம்.

அந்தப் பெண்ணின் அம்மா தேநீர்த் தட்டோடு வெளியே வந்தார். வேலைக்குப் போகும் சீருடையில் இருந்தார். "இன்னைக்குன்னு பார்த்து வாயத் தொறக்கமாட்டேங்குது பாருங்க டீச்சர்" என்று சங்கடமாகச் சிரித்தார். அக்கரையில் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. சனிக்கிழமையும் உண்டு. கம்பெனி பஸ் விடியுமுன் கீழே வந்து நிற்கும்.

"இது கூவுனா நாங்க ரெண்டு பேரும் எந்திரிச்சுருவோம். நான் கிளம்புற வரைக்கும் பேசிக்கிட்டே இருப்பா. ஸ்கூல் கதை, கூட்டாளி கதை, எல்லாம் அப்பத்தான். ஓட்டி முடிச்சு நான் வீட்டுக்கு வர்றப்ப தூங்கிருப்பா டீச்சர். வேற நேரமே இல்ல எங்களுக்கு" என்றார். ஓவர்டைமைத்தான் இங்கே ஓட்டி என்போம்.

மனப்பாட வரி என்று நான் கேலி செய்த அந்தச் சேவலா இது? அவள் இந்த வாயாடி வகுப்பில் வாயே திறக்காமல் இருப்பது ஏன் என்று நினைத்திருக்கிறேன். பேச்சையெல்லாம் மறுநாள் விடியலில் அம்மாவுக்காகச் சேர்த்து வைத்திருக்கிறாள். அன்றைக்கு அந்த நேரத்தையும் எங்களுக்காக விட்டுக்கொடுத்துவிட்டு நடைபாதையில் நின்றுகொண்டிருந்தாள். 'கூவித் தொலையேன்!' என்று நான் மனத்துக்குள் அந்தச் சேவலைக் கெஞ்சினேன். வகுப்புக்காக மட்டும் இல்லை, இப்போது அவளுக்காகவும்.

கூவவில்லை. பஸ் ஹாரன் கேட்டது. அம்மா மகளின் கன்னத்தைத் தட்டிவிட்டு லிஃப்டுக்கு ஓடினார். கீழ்வானம் வெளுக்கத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு கைபேசியாக இறங்கியது. அந்தப் பெண் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றாள். எனக்கோ, அடுத்த ஆண்டு பூட்டிக் கிடக்கப்போகும் வகுப்பறைதான் கண்ணில் வந்தது. ரொட்டி சானாயை மட்டும் எல்லாரும் மறக்கவில்லை, பிரித்துவிட்டார்கள்.

"அப்ப முடிஞ்சுச்சுலா" என்றான் பையன். சும்மா இருந்திருக்கலாம். அவன் வாய் சும்மா இருக்குமா? கைப்பிடிச் சுவர்மேல் கையை ஊன்றி, கழுத்தை நீட்டி, "சேவல் கூவியதூ!" என்று நீட்டி முழக்கிவிட்டு, வகுப்பில் கூவியதைவிட இரண்டு மடங்கு சத்தமாகக் கூவினான்.

பெட்டிக்குள் படபடவென்று ஒரு சத்தம். சேவல் எழுந்து நின்றது. தன் நடைபாதையில், தன் விடியலில், எவனோ ஒருத்தன் வந்து கூவுகிறானா! இறகை விரித்தது, கழுத்தை நிமிர்த்தியது, ஒரு கூவல் விட்டது பாருங்கள், என் கையிலிருந்த தேநீர் சிந்திவிட்டது.

பிறகு நாங்கள் போட்ட கூச்சல்! அந்தப் பெண் குதிக்கிறாள், பாய் மகள் அவளைக் கட்டிக்கொண்டு குதிக்கிறாள், நான், நாற்பதைத் தாண்டியவள், கையில் கோப்பையோடு குதிக்கிறேன். சேவல் நிறுத்தவில்லை. மறுபடி கூவியது, மறுபடியும் கூவியது. இதில் வேடிக்கை என்னவென்றால், எதிர்க் கட்டடத்தில் எந்த மாடியிலிருந்தோ இன்னொரு சேவல் பதில் கூவியது! அங்கிள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தான் ஒருவர்தான் திருட்டுத்தனமாகச் சேவல் வளர்ப்பதாக அதுவரை நினைத்திருந்தாராம். வீடு வீடாக விளக்கு எரிந்தது. கீழே யாரோ சீனத்தில் கத்தினார்கள், மேலே யாரோ மலாயில் கத்தினார்கள்.

அந்தக் களேபரத்தில் அவள் கைபேசி அடித்தது. அம்மா. பஸ் இன்னும் கீழேதான் நின்றது. பேச்சு எங்கள் எல்லாருக்கும் கேட்டது. "கேட்டுச்சுடி! கேட்டுச்சு! பஸ்ஸுல எல்லாருக்கும் கேட்டுச்சு!"

பையன் விடுவானா? "இது செல்லாதுலா. நான்தான கூவ வச்சேன்!" என்று வாதாடினான். "கூவுச்சா, இல்லையா? அத மட்டும் சொல்லு" என்றாள் அவள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. என்ன சண்டை என்று அங்கிள் கேட்க, அவள் மலாயில் விளக்கினாள். அவர் இருமல் வருமளவுக்குச் சிரித்துவிட்டு, சேவலுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று தீர்ப்புச் சொன்னார். பையன் கொஞ்ச நேரம் சேவலை முறைத்தான். பிறகு அவளிடம் கையை நீட்டினான். "சரி. தோத்துட்டேன். ஆனா என் கூவல் நல்லாருந்துச்சா இல்லையா?" "நல்லாத்தான் இருந்துச்சு" என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

திங்கட்கிழமை தமிழுக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவன் அவன்தான். பின்னாலேயே எல்லாரும் கொடுத்தார்கள். தலைமையாசிரியை, என்ன செய்தீர்கள் என்று ஆச்சரியமாகக் கேட்டார். சேவல் கூவியது என்றேன். அவருக்குப் புரியவில்லை, எனக்கும் விளக்கப் பொறுமை இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் என்னை அசர வைத்தது அந்த வார வலைப்பூதான். ஒரே விடியல், ஒரே நடைபாதை, ஒரே சேவல். ஒரு கட்டுரைகூட இன்னொன்றைப் போல இல்லை! பாய் மகள், சேவலைப் பற்றி இரண்டே வரி எழுதிவிட்டு, எல்லாரும் சோகமாக நின்றபோதும் யார் யார் எத்தனை ரொட்டி சாப்பிட்டார்கள் என்பதைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். என் பெயரும் அதில் இருந்தது. பையனின் கட்டுரை இப்படித் தொடங்கியது: 'சேவல் கூவியது. கூவ வைத்தது நான்.' அந்தப் பெண்ணின் கட்டுரையோ, 'சேவல் கூவியது. அம்மா எழுந்தார்' என்று தொடங்கியது. அதே பழைய வரி. ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை.

இந்த முறை உலகம் படித்தது. சரி, உலகம் என்றால் பினாங்கும் கொஞ்சம் ஈப்போவும். அவள் அம்மாவின் தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்டார்களாம். அவர்களில் பாதிப் பேர் அன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளை எழுப்பிப் பேசினார்கள் என்று அம்மா எனக்குக் குரல்பதிவு அனுப்பினார். யாரோ முகம் தெரியாத ஒருவர், 'எங்கள் ப்ளாட்டில் ஆடே இருக்கிறது' என்று கருத்து எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு வகுப்பு ஒரு மணி நேரம் அடங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் தலைப்புக் கொடுப்பதையே விட்டுவிட்டேன். அவர்களே கொண்டுவந்தார்கள். "எனக்கு முதல்லலா டீச்சர்!" என்று சண்டை வேறு. விடியற்காலையில் குழம்பையெல்லாம் ருசி பார்த்தே வயிறு நிறைந்து, சொந்தக் கடைச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிடவே முடியாத தன் வாப்பாவைப் பற்றிப் பாய் மகள் எழுதினாள். பக்கத்துப் பக்கத்தில் மூன்று கடைகள் மூன்று பாட்டை அலறவிட, நடுவில் நின்று சேலை விலையைக் கத்திக் கத்தியே அப்பாவுக்குத் தொண்டை போன கதையைப் பையன் எழுதினான். யாராவது புத்தகத்திலிருந்து எதையாவது சுட்டுக்கொண்டு வந்தால், நான் வாயைத் திறக்கும் முன்பே வகுப்பு கேட்கும்: "இது எந்தச் சேவல்?"

அந்தப் பிள்ளைகள் இப்போது பள்ளி முடித்துப் போய்விட்டார்கள். வகுப்பு நடக்கிறது, தம்பி தங்கைகள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கிளும் சேவலும் நலம் என்று போன வாரம்தான் அந்தப் பெண் செய்தி அனுப்பியிருந்தாள். இன்றும் ஒரு பிள்ளை 'சேவல் கூவியது' என்று எழுதிக்கொண்டு வந்தால் சிவப்பு மையால் அடிக்க எனக்குக் கை வருவதில்லை. "எந்தச் சேவல்மா?" என்று கேட்டுவிட்டு, அந்த நடைபாதையில் நின்ற அதே படபடப்போடு பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.